குரலைத் தின்ற ஜாக்

முதலில் டேப்பைப் படிக்கிற ஹெட்தான் போய்விட்டது என்று நினைத்தேன்.

பரணிலிருந்து இறக்கிய வாக்மேன். இரண்டு பென்சில் செல் போட்டு ப்ளேயை அமுக்கினால் கேசட் ஒழுங்காகச் சுற்றுகிறது. காதில் 'உஸ்ஸ்' என்று இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் 'டிக்... டப்... டிக்' என்று இசைத்தட்டுக் கீறல். பாட்டைக் காணோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால், 'ஸ', 'ச' வருகிற இடங்களில் மட்டும் நூல் மாதிரி ஒரு பெண்குரல். மூன்று தெரு தள்ளி யார் வீட்டுக் கல்யாணத்திலோ பாடுவது போல. கீறல் கேட்கும்போது பாட்டு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அந்த நிமிஷமே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஹெட்டைத் துடைத்தேன். திரும்பவும் துடைத்தேன். அரை மணி நேரம் அதிலேயே போயிற்று.

வாக்மேன் என்று சொல்கிறேனே ஒழிய, அது சோனி கிடையாது. வனஸ்பதி எல்லாம் டால்டா ஆனது போல, இடுப்பில் மாட்டுகிற டேப் எல்லாம் நமக்கு வாக்மேன். நிஜ வாக்மேன் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. டிபிஎஸ்-எல்2 என்று பெயர், 33,000 யென். அதில் ஹெட்ஃபோன் ஓட்டை இரண்டு. ஒருவர் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று சோனியின் அகியோ மொரிட்டாவுக்குத் தோன்றியதாம். என்னுடையது 1994-இல் பர்மா பஜாரில் சித்தப்பா பேரம் பேசி வாங்கித் தந்தது. மரியாதைக்கெல்லாம் இடமில்லை. ஓட்டை ஒன்றுதான். ஹாஸ்டலில் நான்கு பேர் அந்த ஒரே ஓட்டையை நம்பி இருந்தோம்.

பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகியிருந்தது. அதைப் போன மாதமே சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டிருந்தேன். அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கை கறுப்பானது, அவ்வளவுதான்.

உள்ளே போட்டிருந்த கேசட் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது. இந்தச் சொல்லே இப்போது பலருக்குத் தெரியாது. வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்துக் காசு கட்டினால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிந்து, ஒரு வாரத்தில் அட்டையில் பெயரெல்லாம் எழுதித் தருவார். இந்த அறுபது நிமிஷக் கேசட்டில் வீட்டில் ஒப்பந்தம்: 'ஏ' பக்கம் அம்மாவுக்கு, 'பி' பக்கம் எனக்கு. அம்மா முழுக்கக் கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டாக எழுதிக் கொடுத்தாள். நான் எண்பதுகளில் வந்த பாட்டுகளை.

ஹெட்டைத் துடைத்து அலுத்துப்போய்த்தான் கேசட்டைத் திருப்பிப் போட்டேன். ப்ளே. வயலின்கள் பொரிந்து தள்ளின. கிட்டார் கேட்டது, புல்லாங்குழல் கேட்டது, கோரஸ் பெண்கள் 'ஆ' என்று இழுத்தது கேட்டது. முன்னிசை முடிந்து பல்லவி தொடங்கும் இடத்தில் யாரும் பாடவில்லை. வாத்தியங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போயின. பேஸ் கிட்டாரும் இல்லை, டிரம்ஸில் பாதி இல்லை. பாடகரின் எதிரொலி மட்டும் பின்னால் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

ஒன்பதாவது படிக்கிற மகளின் காதில் ஹெட்ஃபோனை வைத்தேன். கொஞ்சம் கேட்டாள்.

"கரோக்கேயாப்பா? நல்லாருக்கே."

அந்தச் சொல்தான். பொட்டில் அடித்தது போல எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஹாஸ்டல் அறைத்தோழன் கல்லூரி மெல்லிசைக் குழுவில் பாடுகிறவன். ஒருநாள் ராத்திரி படுத்தபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவன் புரண்டு படுத்தபோது ஹெட்ஃபோன் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்து கத்தினான்: "டேய், பாடறவரு போயிட்டார்டா!" நாங்கள் மாற்றி மாற்றிக் கேட்டோம். பின்னைச் சாய்த்தால் பாடகர் போகிறார், நிமிர்த்தினால் வருகிறார். மந்திரம் மாதிரி இருந்தது. அப்போது கரோக்கே என்ற வார்த்தையே எங்களுக்குத் தெரியாது. அவனுக்குப் பயிற்சி செய்ய ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா இனாமாகக் கிடைத்துவிட்டது. பின்னைச் சாய்ந்தபடியே நிறுத்திவைக்கத் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகி, மேலே ரப்பர் பேண்ட் சுற்றினோம். இரண்டு வருஷம். அந்த வருஷ ஆண்டு விழாவில் அவனுக்கு முதல் பரிசு.

ஆக, சாய்த்தால்தான் என்று இருந்த நோய் இப்போது நிரந்தரமாகிவிட்டது. ஹெட்டுக்கு ஒன்றும் இல்லை. ஹெட்ஃபோன் ஓட்டையான ஜாக்கில் கிரவுண்டு, அதாவது இரண்டு காதுக்கும் பொதுவான இணைப்பு, போய்விட்டது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான். ஸ்டீரியோ பின்னை எடுத்துப் பாருங்கள். கறுப்பு வளையங்கள் இரண்டு அதை மூன்று துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. நுனி வழியாகப் போகிற கரண்ட் இடது காதுக் கருவிக்குள் நுழைந்து பொது ஒயர் வழியாகத் திரும்பும். வலதும் அப்படியே. இப்போது பொது ஒயரை அறுத்துவிட்டால்? திரும்பி வர வழியில்லை. இடதிலிருந்து கிளம்பியது வலது வழியாகத்தான் திரும்ப வேண்டும். இரண்டு காதுக் கருவியும் ஒரே சரட்டில் கோத்தது போல ஆகிவிடுகின்றன.

இரண்டு பேர் ஒரு துண்டின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரே வேகத்தில் நடந்தால் துண்டு இழுபடாது. ஒருவர் முந்தினால் அல்லது பிந்தினால்தான் இழுபடும். ஹெட்ஃபோன் அந்தத் துண்டு. இடதிலும் வலதிலும் ஒன்று போல இருப்பது எதுவோ அது அதற்குத் தெரியவே தெரியாது. வித்தியாசம் மட்டும்தான் கேட்கும். இடது கழித்தல் வலது.

பாட்டைக் கலவை செய்கிறவர்கள் பாடகரின் குரலை நட்டநடுவில், அதாவது இரண்டு பக்கமும் சம அளவில் வைப்பதுதான் வழக்கம். பேஸும் டிரம்ஸின் அடியும்கூட நடுவில்தான். வயலின்களை ஒரு பக்கம், கிட்டாரை மறுபக்கம் தள்ளுவார்கள். எனவே கழித்தல் நடந்தால் குரல் போய்விடும், வயலின் பிழைத்துக்கொள்ளும். குரலுக்குப் போட்ட எதிரொலி இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்காது என்பதால் அது மட்டும் பேய் மாதிரி மிஞ்சும்.

அம்மாவின் பக்கம் மொத்தமும் அழிந்ததற்கும் இதே காரணம். அந்தப் பாட்டுகள் மோனோ. இடதும் வலதும் ஒன்றேதான், கழித்தால் பூஜ்யம். ஆனால் இசைத்தட்டில் விழுந்த கீறல் இரண்டு பக்கமும் சமமாக விழுவதில்லை, டேப்பின் இரைச்சலும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. பாட்டு போய்க் கீறல் நின்றது அதனால்தான். 'ஸ'வும் 'ச'வும் கசிந்ததற்குக் காரணம் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருப்பது. கீச்சு ஒலிகளில் அந்தச் சாய்வு இடது வலதுக்கு நடுவே சின்ன நேர வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். ஆக, என் அரை மணி நேரத்தை வாங்கிக்கொண்ட குழப்பத்துக்கான விடை முழுக்க அந்த முதல் நிமிஷ இரைச்சலிலேயே இருந்திருக்கிறது.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டில் டேப்பின் அகலம் 3.81 மி.மீ.தான். ஸ்டீரியோ வந்தபோது ஒரு பக்கத்தின் இடது, வலது தடங்களை அடுத்தடுத்து ஒட்டினாற்போல வைத்தார்கள். மோனோ டேப் ரிக்கார்டரின் அகலமான ஹெட் இரண்டையும் ஒரே சமயத்தில் தொட்டுக் கூட்டிப் படித்துவிடும். எங்கள் வீட்டு ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரிக்கார்டர் இதே கேசட்டைக் கூட்டிப் பாடியது, என் உடைந்த வாக்மேன் கழித்துப் பாடுகிறது. எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பும் இந்தக் கூட்டல், கழித்தல் இரண்டையும் தனித்தனியாக அனுப்பி, ரேடியோவுக்குள் இடது வலதாகப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

பின் மூடியில் நான்கு ஸ்டார் ஸ்க்ரூ, பேட்டரி அறைக்குள் ஒன்று ஒளிந்திருந்தது. ஒளிந்திருக்கும் ஸ்க்ரூவைத் தேடாமல் மூடியை நெம்பி உடைக்கிறவர்கள் உண்டு, நானும் அந்தக் காலத்தில் ஒரு ரேடியோவை அப்படி உடைத்தவன்தான். போர்டைத் திருப்பினால் ஓரத்தில் ஜாக், மூன்று கால். மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் கத்துகிற பீப் நிலையில் வைத்து, ஒரு முள்ளைப் பொதுக்காலிலும் இன்னொன்றை அந்தக் கால் போய்ச் சேரும் செம்புத் தடத்திலும் வைத்தேன். சத்தமில்லை. காலை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக அழுத்தினேன். பீப். விட்டேன். மௌனம். செல்ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது தெரிந்தது: காலைச் சுற்றி ஈயத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், வளையம் போட்டாற்போல. வெறுங்கண்ணுக்கு அது பளபளவென்று நல்ல சால்டர் மாதிரியே இருந்தது.

போர்டில் இருக்கிற மற்ற பாகங்களெல்லாம் மூடிக்குள் சுகமாக உட்கார்ந்திருக்க, ஜாக் ஒன்று மட்டும் வெளியே வாயைத் திறந்துகொண்டு மனிதர்களிடம் அடிபடுகிறது. செருகுவது, பிடுங்குவது, ஒயரைப் பிடித்து இழுப்பது, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு குனிவது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பின்னோ கடப்பாரை மாதிரி நெம்புகிறது. அத்தனையையும் கடைசியில் தாங்குவது மிளகில் பாதி கூட இல்லாத ஈயப்பொட்டு. ஈயம் ஒட்ட வைக்கிற சரக்கு. ஆணி செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்டியது வடிவமைத்தவரின் தப்பு என்றால், தீப்பெட்டி அட்டை எங்கள் தப்பு.

முதல் முயற்சி சோம்பேறித்தனமானது. 25 வாட் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, விரிசலுக்கு மேலேயே புதிதாகக் கொஞ்சம் ஈயம் வைத்தேன். பாட்டு வந்துவிட்டது. மகளிடம் காலர் தூக்கிக்கொண்டேன். மறுநாள் காலை பாடகர் மறுபடி தலைமறைவு. பழைய ஈயம் முப்பது வருஷத்தில் அழுக்கேறிப் போயிருக்கும், அந்த அழுக்கை நீக்குகிற ஃப்ளக்ஸ் பசை இல்லாமல் அதன் மேல் வைத்த புது ஈயம் போர்வை மாதிரி மூடிக்கொள்ளுமே தவிர உள்ளே இறங்கிப் பிடிக்காது. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் செய்வதற்குத்தான் சோம்பல் என்று பெயர்.

ஜாக்கையே மாற்றிவிடுவோம் என்று அந்தச் சனிக்கிழமை சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் லேப்டாப், சிசிடிவி, செல்ஃபோன் கவர் என்று முன்வரிசைக் கடைகள். நமக்கு வேண்டியது சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே. அங்கே 3.5 மி.மீ. என்று கேட்டாலும் தருவார்கள்தான், 'இ.பி. ஸ்டீரியோ' என்று கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். இதன் அண்ணன், மைக் செட்டுக்கும் கிட்டாருக்கும் போடுகிற 6.35 மி.மீ. தடிப்பின், அங்கே 'பி-38'. பழைய டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார்களே, அந்தப் பின்னின் வம்சம்தான் இரண்டும்.

"அண்ணே, வாக்மேன் ஜாக் வேணும். போர்டுல வைக்கிறது."

"போர்டு கொண்டாந்தீங்களா?"

"இல்லண்ணே."

"கால் பாத்துதான் சார் சொல்ல முடியும். இந்தா பாருங்க, இது அஞ்சு கால். மூணு காலு இப்ப யாரு கேக்குறா?"

ஐந்து காலில் இரண்டு, பின்னைச் செருகினால் ஸ்பீக்கரை நிறுத்துவதற்கு. அவை நமக்கு வேண்டாம், வெட்டிவிடலாம். பத்து ரூபாய்க்கு இரண்டு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் மீதி மூன்று காலும் போர்டின் ஓட்டைகளோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. போர்டைக் கொண்டு போயிருக்க வேண்டும்.

ஆகவே பழைய ஜாக்குக்கே திரும்பினேன். இந்த முறை முறையாக. ஃப்ளக்ஸ் தடவி, உறிஞ்சும் பம்ப்பால் பழைய ஈயத்தை மூன்று காலிலிருந்தும் எடுத்து, ஜாக்கைக் கழற்றினேன். வாயைத் திறந்து பார்த்தால் பொதுக்காலின் செம்புத் தகடும் வெளிப்பக்கம் வளைந்து களைத்திருந்தது. ஊசி முனையால் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். பின்னைச் செருகினால் 'க்ளிக்' என்று பிடிக்கிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் கழுவினேன்.

திரும்ப வைக்கும்போது அவசரப்பட்டேன். வெள்ளீயமும் காரீயமும் 60/40 கலந்த ஈயம் 183 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும், இரண்டு மூன்று விநாடி போதும். பொதுக்கால் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்தது, அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது, ஈயம் உருகவில்லை, நானும் அயர்னை எடுக்கவில்லை. எட்டு, பத்து விநாடி. காலைச் சுற்றியிருந்த செம்பு வட்டம் அப்பளத்தின் ஓரம் மாதிரி எழும்பி, அயர்ன் நுனியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னடா, போச்சா?" என்றாள். போச்சு என்றேன்.

செம்பு போனால் ஒயர் இருக்கிறது. பொதுக்கால் போய்ச் சேர வேண்டிய இடம் போர்டில் இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்று மீட்டரால் தேடினேன். இந்த மாடலில் அது பேட்டரியின் நெகட்டிவோடு நேராகச் சேர்கிறது. எல்லா வாக்மேனிலும் இப்படி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் பொதுக்காலையே தனியாக ஒரு ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்குகிற சுற்று, ஓட்டும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு நெகட்டிவில் கட்டினால் அந்தச் சுற்று இருக்கிற ஐ.சி. சிப்பே போய்விடும். உறுதி செய்துகொண்டு, நான்கு சென்டிமீட்டர் மெல்லிய ஒயரை ஜாக்கின் பொதுக்காலிலிருந்து பேட்டரி அறையின் நெகட்டிவ் தகடு வரை இழுத்துப் பற்றவைத்தேன். ஜாக்கின் உடம்பை இரண்டு சொட்டு எபாக்சியால் போர்டோடு ஒட்டினேன். இனி பின்னை யார் நெம்பினாலும் எபாக்சி தாங்கிக்கொள்ளட்டும், ஈயத்தை விட்டுவிடுங்கள்.

'பி' பக்கம் போட்டேன். பாடகர் வந்தார், பேஸ் வந்தது. மூன்று வாரமாகக் குரலில்லாமல் கேட்டே பழகிவிட்டதால், நடுவில் யாரோ வந்து நின்றுகொண்டு மறைக்கிற மாதிரிகூட இருந்தது முதல் பாட்டு. மகள் கேட்டுவிட்டு, "முன்னாடி இருந்ததே நல்லாருந்துச்சு" என்று போய்விட்டாள். அவள் ஃபோனில் இந்த ஓட்டையே கிடையாது. 2016-இல் ஐஃபோன் 7-இல் ஆப்பிள் அதை அடைத்தது, பிறகு ஒவ்வொரு கம்பெனியாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். உடைகிற இடத்தையே எடுத்துவிட்டால் உடையாது, வாஸ்தவம்தான்.

'ஏ' பக்கத்தை அம்மாவின் காதில் வைத்தேன். ஹெட்ஃபோன் போட்டவர்கள் எல்லோரையும் போலச் சத்தமாகப் பேசினாள்: "இதுல கடைசிப் பாட்டைப் பாதியில வெட்டிட்டான்டா அந்தப் பையன். டேப்பு தீந்துபோச்சாம். ஒரு ரூவா கொறச்சுக்கோன்னேன், கேக்கல." முப்பது வருஷமாகியும் அந்த ஒரு ரூபாய் கணக்கில் நிற்கிறது. அரை மணி நேரம் முழுக்கக் கேட்டாள். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் வெட்டுப்பட்டபோது என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலத் தலையை ஆட்டினாள்.

ராத்திரி அறைத்தோழனுக்கு ஃபோன் செய்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் கணக்கு வாத்தியாராக இருக்கிறான். இடது கழித்தல் வலது என்றதும் உடனே பிடித்துக்கொண்டான். "அட, அதான் விஷயமா! இத்தனை நாளா பின்னுல ஏதோ மாயம்னு நெனச்சிட்டிருந்தேன்."

"சரி பண்ணிட்டேன்டா. பாடறவங்க திரும்ப வந்துட்டாங்க."

"சாச்சா போவாங்களா?"

"இனிமே சாச்சாலும் போமாட்டாங்க. எபாக்சி போட்டிருக்கேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்ப எதுக்குடா சரி பண்ணினே?"

படுத்த பிறகுதான் தோன்றியது. அந்த நான்கு சென்டிமீட்டர் ஒயர்தான் இப்போது கிரவுண்டுக்கு ஒரே வழி. அதன் நடுவில் ஒரு குட்டி ஸ்லைடு சுவிட்ச் வைத்தால், இந்தப் பக்கம் தள்ளினால் பாடகர் உண்டு, அந்தப் பக்கம் தள்ளினால் இல்லை. பேட்டரி அறைக்கும் மூடிக்கும் நடுவே இடம்கூட இருக்கிறது. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டும். இந்த முறை போர்டையும் எடுத்துக்கொண்டு.